கருப்பனின் கால் புண்ணும் லேசர் ஒளியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு நாய் கருப்பனுக்குச் செம்பனை மட்டையின் முள் கிழித்த பின்னங்கால் காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசியது என் தவறு. அவன் அதை நக்கி நக்கியே புண்ணைப் பெரிதாக்கிவிட்டான்.

ஈப்போவில் நாங்கள் பார்த்த கால்நடை மருத்துவர், புண்ணைக் கழுவி, அழுகிய தசையை அகற்றிய பிறகே லேசர் சிகிச்சையைத் தொடங்கினார். சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் உயிரணுக்களிலுள்ள, ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகளைத் தூண்டி, திசு வளர்வதற்கு வேண்டிய ஆற்றலைப் பெருக்குகின்றன என்று விளக்கினார். 1960களில் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், முடி மழித்த எலிகள்மீது ஆற்றல் குறைந்த லேசரைச் செலுத்தியபோது அங்கே முடி விரைந்து வளர்ந்ததைக் கண்டதுதான் இம்முறையின் தொடக்கமாம்.

கருமையான உரோமம் ஒளியை அதிகம் ஈர்த்துச் சூடாகும் என்பதால், புண்ணைச் சுற்றி மழித்துவிட்டு, கைக்கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். எங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. கருப்பனின் கண்களுக்குத் துண்டு. ஐந்து நிமிடமும் அவன் என் மடியில் தலைவைத்துக் கிடந்தான், ஊசி என்றால் ஊரையே கூட்டுபவன்! புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் இவ்வொளியைச் செலுத்தக்கூடாது என்பதால் முன்னதாகவே அதையும் சோதித்திருந்தார்.

மூன்றாம் முறைக்குப் பிறகு புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் படரக் கண்டேன். பெருமை முழுவதையும் லேசருக்கே கொடுக்க எனக்கு மனமில்லை. நக்கவிடாமல் தடுத்த கழுத்துக்கூம்புக்கும் அதில் பாதிப் பங்குண்டு. எட்டாம் முறையோடு புண் மூடியது. தழும்பின்மேல் மட்டும் இன்னும் முடி முளைக்கவில்லை.