அரங்கக் கூரையும் கூட்டத்தின் ஆரவாரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் உள்ளரங்கோ காலரியோ கட்டத் திட்டமிடும் இளம் பொறியாளர்கள் வரைபடத்தோடு என்னிடம் வரும்போது, ஒலி விஷயத்தில் எங்கள் தலைமுறை தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகள் மீண்டும் வருவதைப் பார்க்கிறேன். ஒலிபெருக்கியைப் பார்வையாளரின் காதருகே வைப்பது போன்ற வெளிப்படையான பிழைகளை விட்டுவிடுகிறேன். கட்டி முடித்தபின் திருத்த முடியாதவற்றையும், திருத்தப் பெரும் பணம் கேட்பவற்றையும் மட்டும் இங்கே சொல்கிறேன்.

வெப்பத்தைத் தடுக்கும் பேனல் ஒலியையும் உறிஞ்சும் என்று நம்புவது

நம் பக்கத்து வெயிலுக்கு வெறும் ஷீட் கூரை ஒத்துவராது என்பதால், இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனலை இப்போது பலரும் போடுகிறார்கள். வெப்பத்துக்கு அது நல்ல தீர்வுதான். ஆனால் அரங்கத்தின் உட்புறம் தெரிவது வழவழப்பான இரும்புத் தகடு. உள்ளே இருக்கும் நுரையும் காற்று புக முடியாத மூடிய நுண்ணறைகளால் ஆனது. ஒலியலை ஒரு பொருளுக்குள் நுழைந்து, அதன் இழைகளிடையே உராய்ந்து தேய்ந்தால்தான் உறிஞ்சுதல் நடக்கும். தகட்டில் பட்ட கூச்சலோ ஏறத்தாழ முழுவதுமாகக் கீழே திரும்பி வருகிறது.

ஈரோட்டுக்கு அருகே ஒரு கல்லூரியில் இப்படிக் கட்டிய உள்ளரங்கில் கபடிப் போட்டி பார்த்தேன். காலரி நிறைந்ததும், ஒரு கூச்சல் அடங்குவதற்குள் அடுத்தது எழுந்து அதனோடு கலந்தது. பாடிச் செல்பவர் பாட்டை விடாமல் பாடுகிறாரா என்பதைப் பக்கத்தில் நின்ற நடுவராலேயே கேட்க முடியவில்லை. புள்ளி அறிவிப்பில் ஒரு சொல்லும் புரியவில்லை. நிர்வாகம் இதற்குக் கண்ட தீர்வு, கூடுதல் ஒலிபெருக்கிகளை வாங்கி மாட்டியது. எத்தனையோ அரங்குகளில் இதையே பார்த்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒலிபெருக்கி கூடக்கூட அரங்குக்குள் சுற்றும் ஒலிதான் கூடுகிறது, அதை மீறிப் பேசக் கூட்டம் இன்னும் உரக்கக் கத்துகிறது. இரைச்சலில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

கணக்கு போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம் உள்ள அரங்கின் கன அளவு 10,000 கன மீட்டர். எல்லாப் பரப்புகளும் தம்மீது படும் ஒலியில் 5 சதவீதத்தையே உறிஞ்சுகின்றன என்று கொண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின் வகுத்த சூத்திரத்தில் இட்டால், காலி அரங்கில் ஒலி 60 டெசிபல் (டெசிபல் என்பது ஒலியளவின் அலகு) குறைய, அதாவது கிட்டத்தட்ட அடங்க, ஏறத்தாழ 10 வினாடி ஆகிறது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும் என்பதால், 600 பேர் அமர்ந்தால் அது 4 வினாடிக்குச் சற்றுக் கீழே வரும். கூரையின் உட்புறம் 80 சதவீதம் உறிஞ்சும்படி அமைத்தால் 1.4 வினாடியாகச் சுருங்கும். அதே கூட்டம் அதே அளவு கத்தினாலும் அரங்கின் இரைச்சல் 4 டெசிபலுக்கு மேல் இறங்கும்.

இதற்குக் கட்டும்போதே செய்ய வேண்டியது, உட்தகட்டைத் துளையிட்ட தகடாக வாங்கி, அதன் பின்னால் கிளாஸ்வூலோ (கண்ணாடி இழைப் பஞ்சு) ராக்வூலோ (பாறை இழைப் பஞ்சு) வைப்பது மட்டுமே. கட்டி முடித்தபின் செய்வதானால், விளக்குகளைக் கழற்றி, மரத்தளத்தை மூடிக் காத்து, கூரை முழுவதும் எட்டும்படி சாரம் கட்டி, போட்டிகளையும் நிறுத்திவைக்க வேண்டும். ஷீட் ஒப்பந்தக்காரருக்கு ஆர்டர் கொடுக்கும் நாளுக்கு முன்பே இந்த முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முட்டை அட்டையும் தெர்மோகோலும்

ஒலியை உறிஞ்சும் என்று நம்பிச் சுவரிலும் கூரையிலும் ஒட்டும் இவை நாமக்கல்லிலிருந்து இலவசமாகவே வந்தாலும் வேண்டாம். கூட்டத்தின் கனத்த ஒலியை அவை உறிஞ்சுவதில்லை, தீயை மட்டும் விரைவாகப் பரப்பும்.

திறந்த மைதானத்தில் தொலைவையும் கூரைச் சாய்வையும் மறப்பது

திறந்த மைதானத்தில் தேவை நேர்மாறானது: ஆரவாரம் ஆட்டக்காரர்களைச் சென்று சேர வேண்டும். கோவை நேரு விளையாட்டரங்கில்தான் சென்னை சிட்டி அணி 2019 மார்ச்சில் ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. ஆனால் அங்கே கால்பந்துத் திடலுக்கும் காலரிக்கும் நடுவே ஓடுதளம் கிடக்கிறது. ஒற்றைக் குரலின் அளவு, தொலைவு இரட்டிக்கும்போது 6 டெசிபல் இறங்கும். அகன்ற காலரியின் மொத்த ஒலி அவ்வளவு வேகமாக இறங்காது என்றாலும், இழப்பு இழப்புதான். லண்டனில் 2019-இல் திறந்த டாட்டன்ஹாம் கால்பந்து அரங்கின் தென்பகுதியில் 17,500 பேர் ஒரே அடுக்கில், திடலுக்கு வெகு அருகே அமர்வதன் காரணம் இதுவே.

கூரைச் சாய்வை மழைநீர் எப்பக்கம் வழிய வேண்டும் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். முன்விளிம்பு சற்று உயர்ந்து பின்புறம் தாழ்ந்த கூரையில் பட்ட கூச்சல் திடலை நோக்கித் திரும்பும். முன்பக்கம் தாழ்ந்த கூரை அதைக் கூட்டத்தின் மீதே கொட்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள லூமன் ஃபீல்டு அரங்கில் இருக்கைகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தை மூடும் கூரைகள் ஒலியைக் கீழே திருப்புகின்றன. சேப்பாக்கத்தில் 2011-இல் அமைத்த மெல்லிய சவ்வுக் கூரைகளும், கடற்காற்று வர ஸ்டாண்டுகளுக்கிடையே விட்ட இடைவெளிகளும் வெக்கைக்கு மிகவும் ஏற்றவை. காற்று போகும் வழியே ஒலியும் போகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அவற்றைப் பின்பற்ற வேண்டும்.

சாதனை எண்ணை இலக்காக வைப்பது

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியிலுள்ள ஆரோஹெட் அரங்கில் 2014-இல் கூட்டத்தின் ஆரவாரச் சாதனையாகப் பதிவான 142.2 டெசிபல் ஒரு கணத்தின் உச்சம். கருவி நிற்கும் இடம் மாறினால் எண்ணும் மாறும்.

காற்றின் திசையைப் பார்க்காமல் இடம் ஒதுக்குவது

மாலை வெயில் முகத்தில் அடிக்காதபடி முதன்மைக் காலரியை மேற்கில் வைத்துக் கிழக்கு பார்க்க அமைப்பது வழக்கம். கொங்கில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் பலத்த காற்றும் மேற்கிலிருந்தே வீசுகிறது. காற்று போகும் திசையில் செல்லும் ஒலி தரையை நோக்கி வளைவதால், சுற்றுச்சுவரை எழுப்பினாலும் கூச்சல் அதைத் தாண்டிக் கிழக்கே உள்ள வீடுகளில் இறங்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தரும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல். மின்னொளி ஆட்டம் நடத்த எண்ணுவோர், வண்டி நிறுத்துமிடத்தையும் பயிற்சித் திடலையும் மைதானத்தின் கிழக்கு எல்லையில் ஒதுக்கி, வீடுகளுக்கும் காலரிக்கும் இடையிலான தொலைவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.