பைப்பில் பிசிறில்லாமல் ஓட்டை போடுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் மண்ணில்லாமல், பைப்பில் ஓடும் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் வைக்கலாம் என்று இறங்கியபோது, முதல் நாளே 12 ஓட்டை போட்டேன். பன்னிரண்டிலும் நெட் பாட், அதாவது செடி நிற்கும் சின்ன வலைத் தொட்டி, தொப்பென்று உள்ளே விழுந்துவிட்டது. தொட்டியின் வாயை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஸ்கேலால் அளந்து, அதே அளவுக்கு வெட்டியிருந்தேன். விளிம்பு தாங்கி நிற்க இடமே இல்லை. பத்தடி பைப் வீண்.

அதனால் டிரில் மெஷினைக் கையில் எடுக்கும் முன் அளவைச் சரிபார்த்துவிடுங்கள். அளக்க வேண்டியது விளிம்பை அல்ல, விளிம்புக்கு நேர் கீழே இருக்கும் உடம்பை. துல்லியமாக அளக்கும் வெர்னியர் கருவி இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு பேப்பர் துண்டை அந்த இடத்தில் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். நீளம் 160 மி.மீ. வந்தால் விட்டம் 51. டிரில் மெஷினில் மாட்டி வட்டமாக வெட்டும், பல் வைத்த ஹோல் சா அதே 51 மி.மீ. அளவில் போதும். ‘ரெண்டு இன்ச்’ என்று கடையில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள், தொட்டிக்குத் தொட்டி வித்தியாசம் இருக்கிறது. தொட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டே ஹார்டுவேர் கடைக்குப் போங்கள்.

பைப்பில், பிளம்பர்கள் நாலு இன்ச் என்று சொல்லும் 110 மி.மீ. பி.வி.சி.தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. 75 மி.மீ. பைப்பில் தொட்டியின் அடி கிட்டத்தட்டப் பைப்பின் தரையைத் தொட்டுவிடும், வேர் எங்கே இறங்கும்? பைப்புக்குப் பதில் மூடியுள்ள டப் என்றால், அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று இருக்கிறதா பாருங்கள். அந்த பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். 6 என்று இருந்தால் வேண்டாம், பற்கள் பட்டதும் படக்கென்று விரிசல் விடும்.

அடுத்தது கோடு. உருண்டைப் பைப்பின் மேல் நேர்கோடு போட, அலுமினிய ஆங்கிள் ஒன்றை ஓட்டு வீட்டுக் கூரைபோல முதுகில் கவிழ்த்து வையுங்கள். அசையாமல் உட்காரும், ஓரத்தை ஒட்டி மார்க்கரால் இழுத்துவிடலாம். இரண்டு முனையிலும் மூடி மாட்ட ஒரு சாண் விட்டு, லெட்யூஸுக்கு 20 செ.மீ., கீரைக்கு 15 செ.மீ. இடைவெளியில் மையப் புள்ளிகளைக் குறியுங்கள். புள்ளிகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, திரும்பக் குறித்துக்கொண்டால் ஹோல் சாவின் நடுவில் இருக்கும் பிட் வழுக்காது.

இப்போது வெட்டு. பைப் உருளாமல் இருக்க, பெஞ்சோடு சேர்த்துப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். கையால் மட்டும் பிடித்துக்கொண்டு வெட்டவே கூடாது. ஹோல் சா கடித்துக்கொண்டால் பைப் சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும். மெஷினில் சுத்தியல் படம் போட்ட ஹாமர் மோடு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அது சுவருக்கு. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

வேகம்தான் இதில் எல்லாமே. மெஷினை முழு வேகத்தில் ஓட்டினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாது, உரசும் சூட்டில் உருகும். உருகியது பற்களில் அப்பிக்கொண்டு, ஓட்டையின் ஓரத்தில் மெழுகு வழிந்தது மாதிரி உறைந்துவிடும். ட்ரிகரை லேசாக அழுத்தி, பற்கள் சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மெஷின் மேல் சாய்ந்து நின்று அமுக்கியதைப் பார்த்த எங்கள் தெரு பிளம்பர், “அமுக்காதீங்கண்ணே, அதுவே தின்னுக்கிட்டு இறங்கும்” என்றார். உண்மைதான். வளைந்த பரப்பில் பற்கள் முதலில் முதுகுக்கோட்டில் மட்டுமே படும், அங்கேதான் வெடுக்கென்று கடிக்கும். நடு பிட் உள்ளே இறங்கியதும் மெஷினை ரிவர்ஸில் நாலைந்து சுற்று விட்டால் ஒரு பள்ளம் விழும். பிறகு முன்பக்கமாக ஓட்டினால் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே போகும். ஹோல் சா வெறும் மரையால் மாட்டும் வகையானால் ரிவர்ஸ் வேண்டாம், கழன்று வரும்.

நாலைந்து விநாடிக்கு ஒருமுறை மெஷினைத் தூக்கி, துருவலை உதறி, சூடு ஆறவிடுங்கள். டப் மூடி என்றால் அடியில் ஒரு மரப்பலகை வைத்து, பலகையில் பல் பதியும்வரை வெட்டுங்கள். பலகை இல்லாவிட்டால் மூடி தொய்ந்து, அடிப்பக்கம் கிழிந்துதான் வரும்.

ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வில்லை ஹோல் சாவுக்குள் மாட்டிக்கொள்ளும். நடுவில் துளையோடு அச்சு அசல் மெதுவடை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள்.

மெஷின் இல்லையே, கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். தொண்டையும் கண்ணும் எரியும். ஒரு மணி நேரத்துக்கு மெஷினை வாடகைக்கு எடுப்பது மேல்.

கடைசியில் ஓரத்துப் பிசிறு. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தைச் சுற்றிச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளால் ஒரு தேய், 220ஆல் ஒரு தேய். உள்பக்க விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், வேர் அங்கேதான் உரசும். பிறகு பைப்பைச் சாய்த்து நிறுத்தித் தண்ணீர் விட்டு, துருவல் வருவது நிற்கும்வரை கழுவுங்கள். நான் ஒப்புக்குக் கழுவிவிட்டு ஓடவிட்டதில், மூன்றாம் நாள் பம்ப் அடைத்து நின்றுவிட்டது. பிரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தேங்காய்த் துருவல் மாதிரி.

தொட்டி உட்கார்ந்த பிறகு சுற்றிலும் வெளிச்சம் புகும் இடைவெளி தெரிந்தால் கறுப்பு டேப்பால் மறையுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். ஹோல் சாவை அப்படியே மாடியில் போட்டுவிடாதீர்கள். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் பற்கள் சீக்கிரமே செம்மண் நிறத்துக்குப் போய்விடும். துணியில் நாலு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து, டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.