குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால்: செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி நடத்துவது எப்படி?

37 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒரே சீராகச் செய்யும் பக்குவம் உடனே வந்துவிடாது. பெரும்பாலும் 32 முதல் 34 வாரத்தில்தான் அது கூடிவரும். அதுவரை தாய்க்குப் பால் வற்றாமல் பார்த்துக்கொள்வதே செவிலியரின் முதல் வேலை. பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: பொருள்களைத் தயார் செய்யுங்கள்

ஒரு குழுவுக்கு ஆறேழு பேர் போதும். ஒரு துணிப் பொம்மைக்குள் மணல் நிரப்பி ஒன்றரைக் கிலோ எடைக்குக் கொண்டுவாருங்கள். கழுத்தைத் தளர்வாகத் தையுங்கள். தலை தொங்குவதைக் கையில் உணர்ந்தால்தான் தாங்கிப் பிடிக்கத் தோன்றும். சாக்ஸில் பஞ்சு அடைத்து, நுனியை நூலால் காம்புபோல் கட்டினால் மார்பு மாதிரி ரெடி.

படி 2: பால் பீய்ச்சப் பழக்குங்கள்

பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள்ளாவது பீய்ச்சத் தொடங்க வேண்டும். பிறகு ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, இரவிலும் விடாமல். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும்.

காம்பிலிருந்து 2–3 செ.மீ. தள்ளி மேலே கட்டைவிரல், கீழே மற்ற விரல்கள். நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலைத் தேய்த்து இழுக்கக் கூடாது.

இப்போது ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டுமே சொல்லட்டும், இன்னொருவர் மாதிரியில் செய்யட்டும். ஏனென்றால் வீட்டுக்குப் போன பிறகு தாயின் கைதான் வேலை செய்யப்போகிறது. நாம் அவர் மார்பைப் பிடித்துப் பிழிந்தால் வலியும் கூச்சமும்தான் மிஞ்சும்.

சீம்பால் முதலில் சில சொட்டுதான் வரும். “பால் இல்லையே” என்று யாரும் வாய்தவறியும் சொல்லக் கூடாது. அந்தச் சொட்டை ஊசி மாட்டாத 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொடுங்கள். அதைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவலாம்.

படி 3: கங்காரு பராமரிப்பு

1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய முறை இது. பொம்மையை நிமிர்த்தி நெஞ்சோடு சேர்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டிப் பழகுங்கள். தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சு அடைபடும், அதைத் திரும்பத் திரும்பச் சரிபாருங்கள். வயிற்றுக்குப் போகும் குழாய் வழியாகப் பால் கொடுக்கும்போதும் குழந்தை இப்படியே இருக்கலாம்.

படி 4: மார்புக்குக் கொண்டுவருதல்

முதலில் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு, குழந்தையை நக்கவும் சப்பவும் விடலாம். அப்புறம் மெதுவாகப் பால் குடிக்கப் பழகும். இரண்டு மூன்று முறை உறிஞ்சிவிட்டு நிறுத்தும். அது ஓய்வுதான்; தூங்கிவிட்டது என்று நினைத்துக் கன்னத்தைத் தட்ட வேண்டாம். நிறம் மாறினாலோ மூச்சு நின்றாலோ உடனே நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கிண்ணத்தில் கொடுக்கும்போது பால் உதட்டைத் தொடட்டும், வாய்க்குள் ஊற்றக் கூடாது. இதைத் தண்ணீர் வைத்து ஒருவருக்கொருவர் கொடுத்துப் பாருங்கள். ஊற்றினால் எப்படித் திணறுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

படி 5: வார்டில் பாருங்கள்

எழுத்துத் தேர்வு வேண்டாம். தாயின் அனுமதியோடு பக்கத்தில் நின்று, செவிலியர் எத்தனை முறை தானே செய்யக் கைநீட்டினார், எத்தனை முறை தாயைக் கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்களிடமும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். இரண்டு மணிக்குத் தாயை எழுப்பிப் பீய்ச்சவைக்கப் போவது அவர்கள்தான்.