கலிஃபோர்னியாவில் கஞ்சா கடைக்கு லைசென்ஸ் எடுப்பது எப்படி?

படிவத்தைத் தொடும் முன்பு ஒன்று. நீங்கள் எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் இதில் பங்குகூட வாங்காதீர்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதுகூட குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019-லேயே சொல்லிவிட்டது. முதலில் வக்கீலைப் பாருங்கள்.

1. ஊர் அனுமதி

2016-இல் மக்கள் வாக்களித்து நிறைவேறிய சட்டம்தான் கஞ்சா விற்பனைக்கு வழிவிட்டது, கடைகள் 2018 ஜனவரி 1 முதல் திறந்தன. ஆனால் கடை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நகரமும் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) முடிவு செய்யலாம், பாதிக்கும் மேற்பட்டவை வேண்டாம் என்றே வைத்திருக்கின்றன. அதனால் நகர அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

2. இடம்

புதிதாக வருபவர்கள் பணத்தை விடுவது இங்கேதான், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் அளக்கிறார்கள். பள்ளி, பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், இளைஞர் மையம் எதுவும் 600 அடிக்குள் இருக்கக்கூடாது (நகரம் வேறு தூரம் வைத்திருந்தால் அதுதான் கணக்கு). வாசலிலிருந்து வாசலுக்கு நடந்து அளக்கக்கூடாது. பள்ளி மனையின் எல்லையிலிருந்து உங்கள் மனையின் கிட்டத்து எல்லை வரை நேர்கோடு, நடுவில் கட்டடமோ நெடுஞ்சாலையோ இருந்தாலும் சரி. கடை பெரிய வளாகத்தின் கடைக்கோடியில் இருக்கலாம், ஆனால் வளாகத்தின் வேலி பள்ளியை ஒட்டியிருந்தால் அந்த இடம் ஆகாது. இதை அளந்து பார்க்காமல் கையெழுத்தே போடாதீர்கள்.

3. மாநில விண்ணப்பம்

முன்பு மூன்று துறைகளுக்கு அலைய வேண்டும், 2021 ஜூலையிலிருந்து கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறை ஒன்றுதான். விண்ணப்பக் கட்டணம் 1,000 டாலர். 5,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், சுற்றுச்சூழல் ஆய்வுச் சான்று எல்லாம் கேட்பார்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கைரேகை கொடுக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் தனி, அது உங்கள் விற்றுவரவைப் பொறுத்தது.

4. கடை திறந்த பிறகு

காலை 6 முதல் இரவு 10 வரைதான் விற்கலாம். கேமரா பதிவுகளை 90 நாள் வைத்திருக்க வேண்டும். வந்து இறங்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் 24 எழுத்து-எண் கொண்ட அடையாளச் சீட்டு இருக்கும், அது மெட்ரிக் என்ற மாநிலக் கணினிக் கணக்கில் ஏறும். அலமாரியில் இருப்பதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று அன்றன்றைக்கே பாருங்கள். லைசென்ஸ் ஒரு வருடத்துக்குத்தான், முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.