ஊட்டி மூடுபனியும் என் பாலிமர் படலமும்

ஜூலை மாதம் ஊட்டியில் மின்கடத்தும் பாலிமரை (ஒருவகை பிளாஸ்டிக்) கண்ணாடியில் பூசுகிறவர்களுக்கு இது உதவும். நான் பூசியது பெடாட்-பிஎஸ்எஸ்: மின்சாரம் கடத்தும் பெடாட்டும், அதை நீரில் கலக்கவைக்கும் பிஎஸ்எஸ்ஸும் சேர்ந்த கலவை. நீரில் கலந்த கருநீல மை போல வரும். காய்ந்தால் இளநீலப் படலம். பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்று 1977-ல் காட்டியதற்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-ல் நோபல் கிடைத்த துறை இது.

என் படலமோ காலையில் ஒரு மின்தடை காட்டியது, மாலையில் வேறொன்று. கரைசல் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் அதையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். லேப் அக்காதான் சொன்னார்: "வர்க்கிய டின்ல மூடாம வச்சா நமுத்துப் போகுதுல்ல தம்பி, அதே கதைதான்."

உண்மைதான். பிஎஸ்எஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நான் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துத்தான் உலர்த்தினேன். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு போதவில்லை. குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் பனி கோத்து, படலத்தில் ஊசித்துளைகளும் விழுந்தன.

அப்புறம் கண்ணாடியைச் சூடாக்கிவிட்டுப் பூசினேன். ஹாட் பிளேட்டில் 120 டிகிரியில் 15 நிமிடம். ஆறும் முன்பே, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் போட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள். அந்த நீல மணிகள் ஈரம் ஏறி இளஞ்சிவப்பானால் வறுத்துத் திரும்பப் போடுவேன். கம்பி இணைத்ததும் மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, ஓரங்களை எபாக்சி பசையால் அடைத்தேன்.

பத்து நாளாக மீட்டர் எண் அசையவில்லை. வெளியே இன்னும் மழை.