ஓட்டப் பயிற்சியில் இருப்பவர்கள் விட்டமின் மாத்திரையைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்

மாரத்தானுக்குத் தயாராகும் பலர் காலையில் ஓடிவிட்டு வந்ததும் விட்டமின் சி, ஈ மாத்திரைகளை விழுங்குகிறார்கள். களைப்பு தீரும், தசைக்கு நல்லது என்ற நம்பிக்கைதான். ஆனால் ஓடும்போது உடம்பில் உண்டாகும் ஆக்சிஜனேற்றக் கூறுகள் (ஆக்சிஜனிலிருந்து உருவாகி, மற்றவற்றோடு சட்டென வினைபுரியும் மூலக்கூறுகள்) வெறும் கழிவு இல்லை. 'இன்னும் பலமாகு' என்று தசைக்குச் செய்தி சொல்வதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. விட்டமின் சி, ஈ இரண்டும் அந்தக் கூறுகளை அடக்குபவை என்பதால், மாத்திரை அந்தச் செய்தியை அமுக்கிவிடலாம்.

நார்வேயில் 2014-இல் வெளியான ஆய்வில் தினம் 1000 மி.கி. சி, 235 மி.கி. ஈ என 11 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையால் ஓட்டத் திறன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் தசைச் செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளங்கள் மட்டுப்பட்டிருந்தன. காசு கொடுத்து இது தேவையா?

விட்டமின் சி நாளுக்கு 2000 மி.கி.க்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவைத் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் விட்டமின் ஈ-யை டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

மருத்துவர் குறைபாடு என்று சொல்லிக் கொடுத்தால் அது வேறு கதை. மற்றபடி ஒரு கொய்யாப்பழமே அன்றைய சி தேவையைத் தாண்டிக் கொடுத்துவிடும்.