நீடிப்பதும் நிலைப்பதும்: எழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மொழிபெயர்க்கவும் மெய்ப்புப் பார்க்கவும் (அச்சுப்படியில் பிழை திருத்தவும்) வருகிறவர்களின் பக்கங்களைத் திருத்தும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளே அச்சு அசலாகத் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். ஒற்றுப்பிழை போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, ஒன்று போன பின்னும் மற்றொன்று இருப்பதைச் சொல்லும் இடங்களில் நேரும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'விட நீண்ட காலம்'

'அவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்' என்ற தொடர் இருவருடைய ஆயுளின் அளவை ஒப்பிடுகிறதே தவிர, யாருக்குப் பின் யார் மறைந்தார் என்பதைச் சொல்வதில்லை. உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்து 1942இல் மறைந்தார். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்து 1948இல் மறைந்தார். ஐயர் மறைந்த பிறகும் ஆறாண்டுகள் புதுமைப்பித்தன் இருந்தார் என்பது உண்மை. ஆனால் ஐயரைவிட நீண்ட காலம் வாழ்ந்தார் என்று எழுதினால், 42 வயதில் மறைந்தவருக்கு 87 வயது வரை இருந்தவரைக் காட்டிலும் கூடுதல் ஆயுளைக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு நினைவு மலரில் மொழிபெயர்ப்பாளர் 'ஆசிரியரைவிட நீண்ட காலம் வாழ்ந்த மாணவர்' என்று எழுத, மெய்ப்புப் பார்த்தவர் ஆண்டுகளைக் கழித்துப் பார்த்துக் கணக்கு ஒத்துவராததால், சரியாக இருந்த மாணவரின் பிறந்த ஆண்டையே தவறென்று கருதி முன்னுக்கு நகர்த்திவிட்டார். அச்சான பிறகே அது குடும்பத்தார் கண்ணில் பட்டது. அந்தப் பாரம் முழுவதையும், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள் எல்லாவற்றையும், மறுபடி அச்சடிக்க நேர்ந்தது. 'ஆசிரியர் மறைந்த பிறகும்' என்ற மூன்று சொற்கள் போதுமாயிருந்த இடம் அது என்பதால், அந்தத் தொடரைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் மூள்கிறது.

அளவை ஒப்பிடும்போது 'விட' வரட்டும்: 'இந்தச் செருப்பு அதைவிட அதிக நாள் உழைக்கும்' என்பதில் குறையில்லை. ஒன்றின் முடிவைத் தாண்டி மற்றொன்று தொடர்வதைச் சொல்ல வேண்டுமானால், முடிவை முதலில் வைத்து, 'பிறகும்' அல்லது 'பின்னும்' என்று கூட்டுங்கள். அந்த உம்மைதான் பொருளைச் சுமக்கிறது; அதை விட்டு 'மறைந்த பிறகு' என்று எழுதினால் வெறும் காலவரிசையே மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் 'நீடித்தது'

போர், மழை, மௌனம், நட்பு ஆகியவை நீடிக்கும். புகழ் நிலைக்கும், துணி உழைக்கும், பாலம் வெள்ளத்தைத் தாங்கும், முற்றுகைக்குள் இருப்பவர்கள் தாக்குப்பிடிப்பார்கள். தாக்குப்பிடித்தல் என்னும் சொல்லுக்குள் ஒரு நெருக்கடியும் அது என்றேனும் தீரும் என்ற எதிர்பார்ப்பும் இருப்பதால், எதிர்ப்பே இல்லாத இடத்தில் அதைப் போடுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

'நீடிக்கப்பட்டது'

மழை தானாக நீடிக்கிறது, காலக்கெடு ஒருவரால் நீட்டிக்கப்படுகிறது.

'மன்னுதல்'

நிலைத்திருத்தல் என்னும் பொருள் கொண்ட இச்சொல் செய்யுளோடு இருக்கட்டும்.

மரணச் செய்தியில் 'பிழைத்தார்'

பிழைத்தல் என்பது ஆபத்திலிருந்து உயிர் தப்புவது. 'அவரை மனைவியும் இரு மகன்களும் பிழைத்திருக்கிறார்கள்' என்ற வாக்கியம், படுக்கையில் இயல்பாக உயிர் நீத்தவரின் குடும்பத்தையே விபத்தில் சிக்கவைத்துவிடுகிறது. 'அவருக்கு மனைவியும் இரு மகன்களும் உள்ளனர்' என்றே எழுதுங்கள்.